ஆளுக்கு ஒன்று

ஞாயிற்றுக்கிழமைகளில் கவியா தன் அப்பாவுக்குப் போனில் நூறு வரைக்கும் எண்ணிக் காட்டுவாள். ஆலங்குளத்தில் பேச்சி போனை மகளின் காதோடு வைத்து, "அப்பாவுக்கு ஒன் டூ சொல்லுட்டி" என்பாள். அவ்வளவுதான், பிள்ளை தொடங்கிவிடும். இருபதுகளில் ஒரு தாளம் பிடிபடும். அறுபதைத் தாண்டும்போது குரல் கொஞ்சம் தேயும். தொண்ணூறு வந்ததும் வீட்டு வாசலைக் கண்டுவிட்ட மாதிரி வேகம் கூடும். "ஹண்ட்ரட்" என்று சொன்ன கையோடு போனைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

ஒரகடத்தில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து கோமதிநாயகம் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அறைக்குள் இருந்து பேச முடியாது. ஆறு பேர் இருக்கிற அறை. எந்த நேரமும் யாராவது ஒருவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவார்கள். அதனால் மற்றவர்கள் குசுகுசுவென்றுதான் பேசுவார்கள். நாளடைவில் அதுவும் குறைந்துபோனது. ஆறு பேரும் அவரவர் பாய், அவரவர் கொக்கியில் அவரவர் யூனிபார்ம் என்று வாழப் பழகிவிட்டார்கள்.

கார்களுக்கு சீட் செய்யும் கம்பெனியில் அவனுக்குக் கான்ட்ராக்ட் வேலை. கவியா குப்புற விழுந்து தலை தூக்கப் பார்த்த நாட்களில் இங்கே வந்தவன். அடுத்த வருஷம் பெர்மனென்ட் ஆக்குவார்கள், அதற்குப் பிறகு குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று இருந்தான். வருஷங்கள்தான் போயின. தீபாவளிக்கு ஒரு தடவை, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு தடவை ஊருக்குப் போவான். முதல் நாள் முழுக்கப் பிள்ளை பேச்சியின் சேலைக்குப் பின்னால் நிற்கும். மெல்ல முகம் பழகி வருகிற நேரத்தில் இவனுக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும்.

போனில் "சாப்ட்டியா தாயி?" என்றால் "ம்" என்பாள். "ஸ்கூலுக்குப் போனியா?" என்றால் அதற்கும் "ம்". நூறு சொல்லச் சொன்னால்தான் குரலை முழுசாகக் கேட்க முடியும். அதனால் அவன் வேறெதுவும் கேட்பதை விட்டுவிட்டான். "எம் பொண்ணு நாலு வயசுல நூறு வரைக்கும் சொல்லுதா" என்று லைனில் பக்கத்தில் நிற்கும் இசக்கிதுரையிடம் ஒருமுறை சொன்னான். இசக்கிதுரை அறையிலும் பக்கத்துப் பாய்தான். இருபத்திரண்டு வயசுப் பையன். "பெரிய ஆளா வருவா பாருங்க அண்ணே" என்றான். அந்த வாரம் முழுக்க கோமதிநாயகத்துக்கு அது இனித்தது.

2012 மே மாதம், அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஊர்க் கொடைக்குக் கிளம்பினார்கள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி இசக்கிதுரைதான் சொன்னான்.

"ரூம் சும்மாத்தான கெடக்கப்போவுது அண்ணே. மயினியையும் பாப்பாவையும் வரச் சொல்லுங்க. நாங்க வர பத்து நாளாவும்."

இத்தனை வருஷத்தில் இது தனக்குத் தோன்றவில்லையே என்று கோமதிநாயகத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றே பேச்சியிடம் பேசினான். வல்லக்கோட்டை முருகனுக்குப் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டது ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சாக்காக வைத்து அவள் தன் அப்பா சுடலையைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறைமலை நகரில் விடியற்காலையில் பஸ் நின்றது. பேச்சி இறங்கினாள். இடுப்பில் கவியா தூக்கக் கலக்கத்தோடு இருந்தாள். அவன் கையை நீட்டினான். பிள்ளை அவனைப் பார்த்துவிட்டு முகத்தை அம்மாவின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டது.

"அசந்து வந்திருக்கா. வந்துருவா" என்றாள் பேச்சி.

அறைக்கு வந்து, குளித்து, இட்லி வாங்கிக் கொடுத்த பிறகும் வரவில்லை. "அப்பாவுக்கு நூறு சொல்லுட்டி" என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் செல்லை எடுத்து அவள் காதில் வைத்து, "இந்தா, அப்பா பேசுதாவ" என்றாள். கவியா உடனே தொடங்கிவிட்டாள். ஒன், டூ, த்ரீ. எதிரே, கை எட்டும் தூரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். அவளோ சுவரைப் பார்த்தபடி, யாரும் இல்லாத போனில் நூறு வரை சொல்லி முடித்தாள்.

பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்துவைத்தான்.

கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்ற இடத்தில் அவன் பேச்சை எடுத்தான். "நீங்க இங்கனயே இருந்தா என்ன?"

"எப்பம் நிறுத்துவான்னு தெரியாத வேலைன்னு நீங்கதான சொன்னிய."

"அதுக்காவ எத்தன வருசம் இப்பிடியே இருக்கது?"

பேச்சிக்கு ஊரில் பீடி சுற்றும் வேலை இருந்தது, அப்பா இருந்தார், அடுத்தடுத்து சொந்தக்காரர்கள் வீடுகள் இருந்தன. இங்கே சாலையின் இரண்டு பக்கமும் கம்பெனி மதில்களும் கம்பி வேலிகளும்தான். இருந்தாலும், "வீடு கெடச்சாப் பாப்பம்" என்றாள்.

ஒரகடத்தில் குடும்பத்துக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. கம்பெனி பஸ் மண்ணூர் வரைக்கும் போகும், அந்தப் பக்கம் பாருங்கள் என்று லைனில் ஒருவர் சொல்லியிருந்தார். ஷிப்ட் முடிந்த ஒரு பிற்பகலில் மூன்று பேரும் மண்ணூருக்குப் போனார்கள். விசாரித்துக்கொண்டே போனதில் அருள்நாதன் என்கிற ஆட்டோக்காரரின் வீடு வந்தது. முன்பக்கக் கூடத்தில் அவர் மனைவி ரோஸி சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினாள். சுவரில் வாத்து, ஆப்பிள், முக்கோணம், வட்டம் எல்லாம் வரைந்திருந்தது.

"வூடு பாக்க வந்தீங்களா சார்? பின்னாடி போர்ஷன் காலியாத்தான் கீது. போய் பாருங்க" என்று அருள்நாதன் சாவியைக் கொடுத்தார்.

ஒரு அறை, ஒரு சமையல் இடம், பின்னால் துணி காயப் போட ஒரு முற்றம். பேச்சி குழாயைத் திறந்து பார்த்தாள். ஜன்னல் கதவை இழுத்துப் பார்த்தாள். பிடித்திருந்தால் அவள் இப்படித்தான் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

ரோஸி கவியாவைப் பார்த்து, "ஸ்கூல் சேக்கணும்ல? எல்கேஜி முடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"முடிச்சிட்டா டீச்சர். நூறு வரைக்கும் சொல்லுவா" என்றான் கோமதிநாயகம். தானாக முந்திக்கொண்டு சொன்னது அவனுக்கே கேட்டது.

ரோஸி தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவைக் கவிழ்த்தாள். தண்ணீர் பாட்டில் மூடிகள், நீலமும் வெள்ளையுமாக. "பாப்பா, எனக்கு அஞ்சு மூடி குடு" என்றாள். கவியா இரண்டு கையாலும் அள்ளி அவள் மடியில் கொட்டினாள். ரோஸி சிரித்துக்கொண்டே மூன்று மூடிகளை மட்டும் வரிசையாக வைத்து, எண்ணச் சொன்னாள். கவியாவின் விரல் ஒரு பக்கம் போனது, வாய் ஒரு பக்கம் போனது. மூன்று மூடிக்கு ஐந்து வரை சொல்லி நிறுத்தினாள். "அப்போ எத்தினி இருக்குது?" என்று கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

பிறகு ரோஸி நான்கு மூடிகளை நெருக்கமாக ஒரு வரிசையும், நான்கு மூடிகளைத் தள்ளித்தள்ளி இன்னொரு வரிசையும் வைத்தாள். "எதுல ஜாஸ்தி இருக்குது?" கவியா கொஞ்சம்கூட யோசிக்காமல் நீளமாக இருந்த வரிசையைத் தொட்டாள்.

கோமதிநாயகத்துக்கு முகம் சூடானது. "மண்டையில ஏறலையா டீச்சர்?"

"ஐய, அப்டிலாம் இல்ல சார். இந்த வயசுல எல்லா பசங்களும் இப்டித்தான். நூறு சொல்றது பாட்டு மாதிரி. கேட்டு கேட்டு வாய் புடிச்சிக்கும். எண்ணுறது வேற. ஒண்ணுக்கு ஒண்ணு, தொட்டு தொட்டு வெச்சாத்தான் வரும்." ரோஸி மூடிகளை டப்பாவில் அள்ளிப் போட்டாள். "வூட்லயே சொல்லிக் குடுக்கலாம். சாப்புடும்போது, ஆளுக்கு ஒரு தட்டு எடுத்துக்கினு வான்னு சொல்லுங்க. ஒண்ணு பாருங்க, மொதல்ல அதுங்க தன்னயே வுட்டுடும். மத்த எல்லாருக்கும் வெக்கும், தனக்கு வெக்காது. எந்தக் கொழந்தைய வேணா கேட்டுப் பாருங்க, இதே கததான்."

திரும்பும் பஸ்ஸில் அவன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியளே" என்றாள் பேச்சி. "சின்னப்புள்ள. படிச்சிக்கிடுவா."

அவள் படிப்பைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் தொட்டி நிழலில் உட்கார்ந்து, தன் பிள்ளையைப் பற்றித் தனக்கு ஒன்று தெரியும் என்று அவன் நினைத்திருந்தான். தெரிந்திருந்த அந்த ஒன்றும் இப்போது இல்லை என்று ஆகிவிட்டது. ஜன்னலோரம் கவியா அம்மாவின் மடியில் தூங்கினாள். பிள்ளையின் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. அதையும் அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

மறுநாளிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டுப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்துவிடுவான். பேச்சி உரிக்க வைத்திருக்கும் சின்ன வெங்காயத்தில் இரண்டு, மூன்று எடுத்து வைப்பான். விரல் வெங்காயத்தைத் தாண்டி ஓடாமல் இருக்க, அவள் சுட்டுவிரலைத் தன் விரல்களுக்குள் பிடித்து ஒவ்வொன்றின் மேலும் வைத்து எடுப்பான். முதல் நாள் கையை உருவிக்கொண்டாள். அடுத்த நாள் விட்டாள். அதற்கும் அடுத்த நாள் அவன் செருப்பைக் கழற்றும்போதே வெங்காயத்தோடு வந்து நின்றாள்.

மாடிப்படியில் ஏறும்போது படிக்கு ஒன்றாகச் சொன்னார்கள். கொடியில் காயப்போட்ட துணிக்கு ஒன்றாகக் கிளிப் மாட்டினார்கள். ஒருநாள் மூன்று வெங்காயத்தைத் தொட்டு முடித்தவளிடம், "எத்தனட்டி?" என்றான். திரும்ப எண்ணாமல், அவன் முகத்தைப் பார்த்து, "மூணு" என்றாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். அவள் இறங்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேச்சி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சோறு வடித்து இறக்கியதும் கோமதிநாயகம், "கவியா, ஆளுக்கு ஒரு தட்டு எடுத்துட்டு வா, பாப்பம்" என்றான். அலமாரியில் அறைக்காரர்களின் தட்டுகள் அடுக்கியிருந்தன. அவள் எட்டி எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து தரையில் வைத்தாள். இரண்டு தட்டுகள்.

"எல்லாருக்கும் வந்துட்டா?"

கவியா ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்த்தாள். "வந்துட்டு."

டீச்சர் சொன்னது சரியாகப் போயிற்றே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து, "உன்னய விட்டுட்டியே தாயி" என்றான்.

"இல்லையே." அவள் மறுபடியும் தொட்டாள். "இது அம்மைக்கு. இது எனக்கு."

பேச்சியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "அப்பாவுக்கு எங்கட்டி?"

கவியா அவனைப் பார்த்தாள். தப்பு செய்துவிட்ட முகமில்லை. தெரிந்த ஒன்றைக் கேட்கிறார்களே என்பது போலச் சொன்னாள்: "அப்பா கம்பெனியில சாப்பிடுவாவ."

அது அவனே சொன்னதுதான். சாப்பிட்டீர்களா என்று பேச்சி போனில் கேட்கும்போதெல்லாம் கம்பெனியில் சாப்பிட்டேன் என்றுதான் அவன் சொல்வான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் பிள்ளைக்கும் கேட்கும்தானே.

"இன்னைக்கு அப்பா நம்ம கூட சாப்பிடுதாவ. போ, எடுத்துட்டு வா" என்றாள் பேச்சி. கவியா ஓடிப்போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, "இப்பம் மூணு" என்றாள். அவன் சாப்பிட்டான். கேட்டு வாங்கி இரண்டாம் தரமும் சாப்பிட்டான். சாப்பிடாமல் எழுந்தால் பேச்சிக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கை கழுவும்போது, அவன் கேட்காமலே, "ஜூன் மாசம் வந்துருதோம். அந்த வீட்டச் சொல்லிவையுங்க" என்றாள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்ட மறுநாளே அருள்நாதனிடம் அட்வான்ஸ் கொடுத்தான். கொடைக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது தன் பாயையும் பெட்டியையும் கட்டி வைத்திருந்தான். இசக்கிதுரை கூடவே வந்து சாமான்களை இறக்கிக் கொடுத்தான். ஒரகடத்து அறையில் கோமதிநாயகத்தின் இடத்துக்கு விருதுநகர்ப் பையன் ஒருவன் வந்துவிட்டான். மண்ணூர் வீட்டில் கோமதிநாயகம் ஸ்டவ் வாங்கிப் போட்டான், பிள்ளைக்குப் படிப்பதற்குச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கினான், முற்றத்தில் கொடி கட்டினான்.

ஜூன் முதல் வாரம் பேச்சி போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாவ. இடுப்பு எலும்பு. ஆறு மாசம் எந்திரிக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லுதாரு. எனக்கு வேற ஆளு யாரு இருக்கா, சொல்லுங்க. கவியாவ இங்கனயே சேத்துட்டேன்."

"சரி. மாமாவப் பாரு. நான் லீவு போட்டுட்டு வாரேன்" என்றான். போய்ப் பார்த்துவிட்டும் வந்தான். மாமனார் படுத்திருந்தார். பேச்சி இளைத்திருந்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய அறைக்கே போய்விடுங்கள் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தனியாக ஒரு வீட்டில் இருப்பது எப்படி என்று அவனுக்கு அதுவரை தெரியாது. யாருடைய தூக்கமும் கெட்டுவிடாது, சத்தமாகப் பேசலாம். பேசத்தான் ஆள் இல்லை. குழாயை மூடிவிட்டால் வீடு சத்தமில்லாமல் அப்படியே நின்றுவிடும். ஒரு ஆளுக்குக் குழம்பு வைத்தால் எப்போதும் மிஞ்சிப்போனது. நைட் ஷிப்ட் வாரங்களில் காலையில் வந்து படுக்கிற நேரத்தில் முன்பக்கம் ரோஸியின் பள்ளிக்கூடம் தொடங்கும். முதலில் காதைப் பொத்திக்கொண்டு படுத்தான். பிறகு கேட்க ஆரம்பித்தான். எது பெரிசு, எது சின்னது. பந்து கூடைக்கு உள்ள இருக்குதா, வெளிய இருக்குதா. சிவப்புக்கு அப்புறம் மஞ்ச, மஞ்சக்கு அப்புறம் சிவப்பு, அடுத்து இன்னா வரும்? பிள்ளைகள் கோரஸாகக் கத்தின. மல்லாந்து படுத்திருந்த அவன் வாய்க்குள் பதில் சொல்வான்.

"பாப்பா வரலியா சார்?" என்று ஒருநாள் ரோஸி கேட்டாள். மாமனார் விழுந்ததைச் சொன்னான். "எப்ப வந்தாலும் சேத்துக்கலாம் சார்" என்றாள். அதற்குமேல் விசாரிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவியா போனை வாங்கியதும், வழக்கம்போல் ஒன், டூ என்று தொடங்கினாள். அவன் இடைமறித்தான்.

"அது வேண்டாம் தாயி. உங்க வீட்டுல உருண்டையா என்னல்லாம் இருக்குன்னு பாரு. ரெண்டு எடுத்துட்டு வா."

போன் தரையில் டொக்கென்று விழுந்தது. காலடி ஓடிப்போனது. அவன் காத்திருந்தான். பேச்சி பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம் கேட்டது. மாமனார் இருமினார். தெருவில் யாரோ உப்பு விற்றுக்கொண்டு போனார்கள். எங்கோ ஒரு டப்பா உருண்டது, "ஏட்டி, அதை ஏன் இழுக்கெ?" என்று பேச்சி அதட்டினாள். இத்தனை வருஷமாகப் போனில் அவனோடு பேசியிருக்கிறார்கள். அவன் இல்லாதபோது அந்த வீடு எப்படிச் சத்தம் போடும் என்று அவன் கேட்டதே இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். பிள்ளை மறந்துபோய் விளையாடப் போனாலும் பரவாயில்லை, யாரும் வந்து கட் பண்ணாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

கவியா மூச்சிரைக்க வந்தாள். "அப்பா, எலுமிச்சம்பழம் ஒண்ணு. தாத்தாவோட தைல டப்பா மூடி ஒண்ணு."

"மூடி உருண்டையா? தரையில விட்டா எல்லாப் பக்கமும் உருளுதா?"

விட்டுப் பார்த்தாள் போலிருக்கிறது. "ஒரு பக்கமாத்தான் ஓடுது. அப்புறம் படுத்துக்கிடுது."

"அப்பம் அது வட்டம். எலுமிச்சம்பழம்தான் உருண்டை."

அவள் யோசிப்பது மூச்சில் தெரிந்தது. பிறகு அவள் கேட்டாள். போனில் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அங்கன உங்க வீட்டுல உருண்டையா என்ன இருக்கு?"

அவன் சுற்றிலும் பார்த்தான். ஸ்டவ், பாய், பெட்டி, யாரும் உட்காராத நாற்காலி. "இரு தாயி, பாக்கேன்" என்று எழுந்தான். சமையல் இடத்தில் கூடையைக் கிளறியதில் ஒரு தக்காளி அகப்பட்டது.

"தக்காளி இருக்கு."

"ஒண்ணுதானா? நான் ரெண்டு எடுத்தேம்லா."

"இன்னொண்ணு தேடுதேன். போன வச்சிராத, என்னா?"

"வைக்கல. தேடுங்க."

அலமாரிக்கு மேலே பார்த்தான், பெட்டிக்குப் பின்னால் பார்த்தான், கதவைத் திறந்து முற்றத்துக்கு வந்தான். வெயில் சுவரில் ஏறிவிட்டிருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்து மண்ணைத் துழாவினான்.

"இருக்கியா தாயி?"

"இருக்கேன்" என்றாள் கவியா.